கடல்மேல் ஓர் ஓடுபாதை: விமானந்தாங்கிக் கப்பலும் திறமை என்னும் மூலதனமும்

(பயிற்சி அலுவலர்களும் பொருளாதார முதுகலை மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் பயின்று, அரசின் செலவுக் கோப்புகளிடையே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். அத்தகைய ஒருவன் போர் விமானங்கள் கப்பலில் இறங்குவதைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். நான் விமானியும் அல்லன், மாலுமியும் அல்லன். எனினும், அரசுச் செலவைப் பற்றி நூல்கள் எனக்குத் தெளிவாக உணர்த்தாத ஓர் உண்மையை இந்தப் பொருள் உணர்த்தியது. அதனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அலுவல் நிமித்தமாகக் கோவா சென்றிருந்தபோது, அங்குள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. நம் கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஸீ ஹாக், அலிஸே, ஸீ ஹாரியர் ஆகிய விமானங்கள் அங்கே வைக்கப்பட்டுள்ளன. ஸீ ஹாக் விமானத்தின் வாற்பகுதியின் கீழே இரும்புக் கொக்கி ஒன்று இருக்கிறது. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க நம் வீடுகளில் வைத்திருப்போமே, அந்தப் பாதாளக் கரண்டிதான் என் நினைவுக்கு வந்தது. ஒரு விமானமும், அதிலிருக்கும் மனிதரும், அவருக்காகச் செலவிடப்பட்ட இத்தனை ஆண்டுப் பயிற்சியும் இந்தக் கொக்கி ஒரு கம்பியைப் பற்றுவதை நம்பியே இருந்தன என்று எண்ணியபோது சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

இறங்குதல் என்னும் கணக்கு

முதலில் இறங்குதல் எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் பார்ப்போம். பெரிய விமான நிலையங்களில் ஓடுபாதையின் நீளம் 3,000 மீட்டர் அளவில் இருக்கும். 2022 செப்டம்பர் 2-ஆம் நாள் கொச்சியில் கடற்படையில் சேர்க்கப்பட்ட 'விக்ராந்த்' கப்பலின் மொத்த நீளமே 262 மீட்டர்தான். அதிலும் ஒரு பகுதியே இறங்குவதற்குரியது. அந்தப் பகுதி கப்பலின் நடுக்கோட்டிலிருந்து சற்றே கோணலாக அமைந்துள்ளது. அது முன்னே நகர்ந்துகொண்டும், அலைகளால் மேலெழுந்து கீழிறங்கிக்கொண்டும், பக்கவாட்டில் ஆடிக்கொண்டும் இருக்கிறது.

இறங்கவரும் ஜெட் விமானம் மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது எனக் கொள்வோம். கப்பல் காற்றை எதிர்த்துச் செல்வதால், தளத்தின்மேல் மணிக்கு 45 கிலோமீட்டர் எதிர்க்காற்று கிடைக்கிறது என்றும் கொள்வோம். எனவே தளத்தைப் பொறுத்தமட்டில் விமானத்தின் வேகம் 195 கிலோமீட்டர். அதாவது விநாடிக்கு 54 மீட்டர். இந்த வேகம் சுமார் 90 மீட்டர் தொலைவுக்குள் முற்றிலும் அடங்கியாக வேண்டும். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: மூன்று விநாடிகளுக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் விமானம் நின்றுவிடும்.

இதனைச் செய்வது தளத்தின் குறுக்கே கட்டப்பட்ட உருக்குக் கம்பிவடங்கள். நம் கப்பலில் அத்தகைய வடங்கள் மூன்று உள்ளன. விமானத்தின் கொக்கி அவற்றுள் ஒன்றைப் பற்றுகிறது. தளத்தின் கீழேயுள்ள பொறி வடத்தைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுத்து, விமானத்தின் இயக்க ஆற்றலை உள்வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு விமானத்தின் எடைக்கும் ஏற்ப அந்தப் பொறியை முன்கூட்டியே சரிசெய்ய வேண்டும். எடை தவறாகக் குறிக்கப்பட்டால் வடம் அறுந்துபோகலாம்; விமானத்தின் உறுப்புகள் சேதமுறலாம்; அல்லது விமானம் நிற்காமலே போகலாம்.

இதில் பிழைக்கு இடம் மிகக் குறைவு. விமானம் கிடைமட்டத்திற்கு 3½ பாகை கோணத்தில் இறங்குகிறது எனக் கொண்டால், உயரத்தில் ஏற்படும் ஒரு மீட்டர் பிழை, தளத்தைத் தொடும் இடத்தில் ஏறத்தாழ 16 மீட்டர் பிழையாகிவிடுகிறது. சிறிது உயர்ந்தால் மூன்று வடங்களும் தப்பிவிடும். சிறிது தாழ்ந்தால் கப்பலின் பின்விளிம்பில் மோத நேரும். தரையில் இறங்கும் விமானி கடைசி நேரத்தில் மூக்கை உயர்த்தி மெல்லத் தொடுவது வழக்கம். கப்பலில் அதற்கு வாய்ப்பில்லை. வந்த கோணத்திலேயே தளத்தில் மோதி இறங்க வேண்டும். அது மட்டுமன்று. சக்கரங்கள் தளத்தைத் தொட்டதும் விமானி பொறியின் விசையைக் குறைப்பதில்லை. முழு அளவுக்குக் கூட்டுகிறார். கொக்கி வடத்தைப் பற்றாவிட்டால் உடனே மீண்டும் பறந்து எழ வேண்டும் அல்லவா? நிற்க வேண்டிய நொடியிலும் எழுவதற்கு ஆயத்தமாக இருப்பது இங்கு விதியாகும்.

விமானிக்கு வழிகாட்டத் தளத்தின் ஓரத்தில் ஒளிவிளக்குத் தொகுதி ஒன்று உண்டு. நடுவிலுள்ள ஒளி, பச்சை விளக்குகளின் வரிசைக்கு நேராகத் தெரிந்தால் பாதை சரி. மேலே தெரிந்தால் அவர் உயரத்தில் இருக்கிறார். கீழே தெரிந்தால் தாழ்ந்துவிட்டார். தளத்தில் நிற்கும் இறங்குதல் வழிகாட்டு அலுவலர் ஒருவர் வானொலியில் அவருடன் பேசுகிறார். அவரும் ஒரு விமானியே. "வேண்டாம், மேலே செல்" என்று அவர் சொல்லிவிட்டால் மறுபேச்சில்லை. இவர்களைத் தவிர வடங்களைச் சரிபார்ப்போர், தளத்தில் விமானங்களை நகர்த்துவோர், தீயணைப்போர், கடலில் விழுந்தவரை மீட்க ஹெலிகாப்டருடன் காத்திருப்போர், கப்பலைக் காற்றுக்கு எதிரே நிறுத்துவோர் எனப் பலர் உளர். ஒரு விமானம் இறங்குகிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் ஒரு நிறுவனமே அதனை இறக்குகிறது.

வளர்ந்த விதம்

இத்துறையின் வரலாறு நீண்டதன்று. 1911 ஜனவரி 18-ஆம் நாள் யூஜின் ஈலி என்ற அமெரிக்கர் ஸான் பிரான்ஸிஸ்கோ விரிகுடாவில் நின்றிருந்த 'பென்ஸில்வேனியா' என்ற போர்க்கப்பலின்மீது அமைத்த மரத்தளத்தில் இறங்கினார். இரு முனைகளிலும் மணல் மூட்டைகள் கட்டிய 22 கயிறுகள் அவரது விமானத்தை நிறுத்தின. ஜெட் விமானம் முதன்முதலாகக் கப்பலில் இறங்கியது 1945 டிசம்பர் 3-ஆம் நாள். பிரிட்டனின் எரிக் பிரௌன் 'ஓஷன்' என்ற கப்பலில் இறங்கினார்.

ஜெட் விமானத்தின் வேகம் புதிய சிக்கல்களை உண்டாக்கியது. பழைய நேர்தளங்களில், வடத்தைத் தவறவிட்ட விமானம் முன்னே நிறுத்தப்பட்டுள்ள விமானங்களின்மேல் சென்று மோதும் அபாயம் இருந்தது. 1950-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படை அலுவலர்கள் மூன்று தீர்வுகளைக் கண்டனர். கோணத்தளம் ஒன்று, இறங்குபாதை காட்டும் ஆடிக்கருவி மற்றொன்று, விமானத்தை உந்தி எழுப்பும் நீராவிப் பொறி மூன்றாவது. கோணத்தளத்தால், வடத்தைத் தவறவிட்டவர் எதன்மீதும் மோதாமல் மீண்டும் எழ முடிந்தது.

இந்தியா இத்துறையில் பிந்தி வந்த நாடன்று. போர்க்காலத்தில் கட்டத் தொடங்கி நிறுத்தப்பட்ட 'ஹெர்க்குலிஸ்' என்ற பிரிட்டிஷ் கப்பலை 1957-இல் நாம் வாங்கினோம். மேற்கூறிய மூன்று புதுமைகளும் அதில் பொருத்தப்பட்டன. 1961 மார்ச் 4-ஆம் நாள் பெல்ஃபாஸ்ட் நகரில் அது 'விக்ராந்த்' என்ற பெயருடன் நம் கடற்படையில் சேர்ந்தது. அதே ஆண்டு மே 18-ஆம் நாள் அதன் தளத்தில் முதல் ஜெட் விமானத்தை இறக்கியவர் லெப்டினென்ட் ஆர். ஹெச். தஹிலியானி. பின்னாளில் அவர் கடற்படைத் தலைமைத் தளபதியாக உயர்ந்தார். 1971 டிசம்பரில் வங்கக் கடலில் அதே கப்பலிலிருந்து ஸீ ஹாக், அலிஸே விமானங்கள் புறப்பட்டுச் சென்று சிட்டகாங், காக்ஸ் பஜார் ஆகிய இடங்களைத் தாக்கித் திரும்பின. அப்போது கப்பலின் கொதிகலன் ஒன்று பழுதுற்றிருந்ததால் முழுவேகத்தில் செல்ல இயலவில்லை. கப்பலின் வேகம் குறைந்தால் எதிர்க்காற்றும் குறையும் என்பதை முன்னரே கண்டோம். கருவியில் ஏற்பட்ட குறையை மனிதத் திறமை ஈடுசெய்தது.

அறுந்த சங்கிலி

பொருளாதார மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் இதுவே. 1983 டிசம்பரில் ஸீ ஹாரியர் விமானங்கள் நம்மிடம் வந்தன. அவை செங்குத்தாக இறங்க வல்லவை. கொக்கியும் வடமும் அவற்றுக்குத் தேவையில்லை. சிறிய கப்பல்களையே வைத்திருந்த நமக்கு அது பொருத்தமான தேர்வே. 1987-இல் வந்த 'விராட்' கப்பலும் அவ்விமானங்களுக்கே உரியதாயிற்று. ஸீ ஹாக் ஓய்வு பெற்றுவிட்டது. 1980-களின் பிற்பகுதியில் அலிஸே விமானங்களும் கப்பலை விட்டு நீங்கின. அத்துடன், கம்பிவடத்தைப் பற்றி இறங்கும் கலை நம் கப்பல்களில் வழக்கொழிந்தது.

பின்னர் 2013 நவம்பரில் ரஷ்யாவில் 'விக்கிரமாதித்யா' நம் கடற்படையில் சேர்ந்தது. அதற்குரிய மிக்-29கே விமானங்கள் மீண்டும் வடத்தைப் பற்றி இறங்க வேண்டியவை. இடைவெளி ஏறத்தாழ கால் நூற்றாண்டு. அந்தக் கலையை அறிந்த விமானிகள் ஓய்வு பெற்றுவிட்டனர். வடப்பொறிகளைப் பேணியவர்களும் ஓய்வு பெற்றுவிட்டனர். ஆதலால் நம் இளம் விமானிகளை அமெரிக்கக் கடற்படையின் பயிற்சிப் பள்ளிகளுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. கோவாவில் கரையிலேயே கப்பல் தளத்தை ஒத்த சோதனைக் களம் ஒன்றை நிறுவ வேண்டியதாயிற்று. 1961-இல் நம் கையிலிருந்த திறமையை, அரை நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் விலை கொடுத்துப் பெற்றோம்.

நான் எவரையும் குறைகூறவில்லை. ஸீ ஹாரியர் காலத்தில் எடுத்த முடிவு அன்றைய நிலையில் சரியானதே. ஆயினும் அந்த முடிவின் விலை எந்தக் கோப்பிலும் எழுதப்படவில்லை. பொறிக்குத் தேய்மானம் கணக்கிடுகிறோம். கட்டடத்திற்குத் தேய்மானம் கணக்கிடுகிறோம். மனிதத் திறமையின் தேய்மானத்திற்கு நம் கணக்கேடுகளில் ஒரு பத்தி கூட இல்லை. பொறி பயன்படுத்துவதால் தேய்கிறது; திறமையோ பயன்படுத்தாமையால் தேய்கிறது. இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடலாகாது.

பிரிட்டனின் அனுபவமும் இதற்குச் சான்றாகும். 2010-இல் அந்நாடு சிக்கனம் கருதித் தன் ஹாரியர் விமானங்களை நீக்கியது. புதிய 'குவீன் எலிசபெத்' கப்பலில் எஃப்-35 விமானம் முதன்முதலாக இறங்கியது 2018 செப்டம்பரில். இடைப்பட்ட சுமார் எட்டு ஆண்டுகளில் தன் விமானிகளையும் தளப் பணியாளர்களையும் அந்நாடு அமெரிக்கக் கப்பல்களுக்கு அனுப்பிப் பணியாற்றச் செய்தது. கப்பல் இல்லாத காலத்திலும் திறமையைக் காப்பதற்கெனத் தனியே செலவிட்டது. கோணத்தளத்தைக் கண்டுபிடித்த நாடே அதனை விட்டுவிட அஞ்சியது என்பது சிந்திக்கத்தக்கது.

தணிக்கை கூறியது

2016-ஆம் ஆண்டு தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. மிக்-29கே விமானங்களுள் பறப்பதற்குத் தகுந்த நிலையில் இருந்தவற்றின் அளவு 16 சதவிகிதத்திற்கும் 38 சதவிகிதத்திற்கும் இடைப்பட்டதாகவே இருந்தது என அது எடுத்துக்காட்டியது. பொறிகளில் 40, வடிவமைப்புத் தொடர்பான குறைபாடுகளால் பணியிலிருந்து நீக்கப்பட்டன அல்லது ஏற்க மறுக்கப்பட்டன. கப்பலில் இறங்கும் பயிற்சிக்கு விமானியைத் தகுதிப்படுத்த, வாங்கிய பாவனைப் பயிற்சிக் கருவி ஏற்றதாக இல்லை என்றும் அறிக்கை கூறியது. கப்பலும் விமானமும் வந்துவிட்டன. ஆனால் விமானி நாள்தோறும் இறங்கிப் பழகுவதற்கு வேண்டிய துணைப்பொருள்கள் அதே அளவில் வந்து சேரவில்லை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்திற்குக் கணக்குப் பார்த்தால் என்ன நேரும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

இதற்கு நேர்மாறான பாடம் ஒன்றும் நம்மிடம் உண்டு. கடற்படைக்கான தேஜஸ் விமானம் 2012-இல் முதன்முதல் பறந்தது. கப்பல் தளத்திற்கு அதன் எடை மிகுதி என்று கருதி, 2016-இல் கடற்படை அதனை வாங்குவதில்லை எனத் தெரிவித்தது. சாதாரண வரவு-செலவுக் கணக்குப்படி அத்திட்டம் அங்கேயே மூடப்பட்டிருக்க வேண்டும். ஆயினும் பொறியியலாளர்களும் சோதனை விமானிகளும் கோவாச் சோதனைக் களத்தில் பணியைத் தொடர்ந்தனர். 2020 ஜனவரி 11-ஆம் நாள் கமடோர் ஜெய்தீப் மாவ்லங்கர் அந்த விமானத்தை 'விக்கிரமாதித்யா'வில் வடத்தைப் பற்றி இறக்கினார். 2023 பிப்ரவரி 6-ஆம் நாள் புதிய 'விக்ராந்த்' தளத்தில் தேஜஸும் மிக்-29கேயும் இறங்கின. அதே ஆண்டு மே மாதத்தில் மிக்-29கே இரவிலும் இறங்கியது.

தேஜஸ் விமானத்தின் அந்த வடிவம் படையணியில் சேரவில்லை. எனினும் தரையில் மோதும் வேகத்தைத் தாங்கும் சக்கரத் தொகுதி எவ்வாறு அமைய வேண்டும், கொக்கி எங்கே பொருந்த வேண்டும், இறுதி நொடிகளில் விமானத்தைக் கட்டுப்படுத்தும் கணிப்பொறி நிரல் எவ்வாறு எழுதப்பட வேண்டும் என்பனவற்றை நம்மவர் கற்றுக்கொண்டனர். அடுத்து வடிவமைக்கப்படும் இரட்டைப் பொறி விமானத்திற்கு அந்த அறிவே அடித்தளம். அத்திட்டத்தின் பயனை வாங்கிய விமானங்களின் எண்ணிக்கையால் அளந்தால் விடை பூஜ்யம். கற்றவற்றால் அளந்தால் விடை வேறு.

நியாயமான ஒரு கேள்வி

உங்களுள் சிலர் மனத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். 'விக்ராந்த்' கப்பலுக்கு ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய் செலவாயிற்று. 2025 ஏப்ரலில் பிரான்ஸிலிருந்து 26 ரஃபேல் கடற்படை விமானங்கள் வாங்கச் செய்த ஒப்பந்தத்தின் மதிப்பு ஏறத்தாழ 63,000 கோடி ரூபாய். இப்பணத்தில் எத்தனை பள்ளிகள், எத்தனை ஏரிகள்? இது நியாயமான கேள்வி. பொருளாதாரம் பயின்றவர் இக்கேள்வியைக் கேட்கத் தயங்கலாகாது. நீண்ட கடற்கரையும் கடல்வழி வாணிகமும் உடைய ஒரு நாடு பாதுகாப்புக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதை மக்கள் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் தீர்மானிக்கின்றனர். அதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமுண்டு.

ஆனால் தீர்மானித்த பின்னர் ஒன்றில் மட்டும் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை. இத்துணைப் பெருந்தொகையில் வாங்கிய விமானத்தை இறக்கத் தெரிந்தவர் போதிய அளவில் இல்லையெனில், முழுத் தொகையும் துறைமுகத்தில் நின்றுகொண்டிருக்கும். பள்ளிக்கும் பயன்படாமல், பாதுகாப்புக்கும் பயன்படாமல் போகும் செலவே யாவற்றினும் கொடிய விரயம். ரஃபேல் ஒப்பந்தத்தில் பயிற்சி, பாவனைக் கருவி, செயல்திறனை அடிப்படையாகக் கொண்ட பராமரிப்பு ஆகியவையும் சேர்க்கப்பட்டுள்ளன. முன்னைய அனுபவம் வீண்போகவில்லை என்பதற்கு இது அறிகுறியாகும்.

அலுவலர்க்கு ஒரு வேண்டுகோள்

இதனை நான் பாதுகாப்புத் துறைக்கு மட்டும் கூறவில்லை. செவிலியர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையக் கட்டடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மதகு இயக்குபவர் ஓய்வு பெற்றபின் துருவேறிப்போன கால்வாய் மதகைப் பார்த்திருப்பீர்கள். ஆசிரியருக்குப் பயிற்சி அளிக்காமையால் உறை பிரிக்கப்படாமலே இருக்கும் கணிப்பொறிகளைப் பார்த்திருப்பீர்கள். இவை யாவும் கொக்கி இல்லாத விமானங்களே. மூலதனச் செலவுக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. பயிற்சிச் செலவுக்கும் பராமரிப்புச் செலவுக்கும் விழா இல்லை. ஆகவே நிதி நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படுவது அதுவே. வெட்டியதன் விளைவு அந்த ஆண்டில் தெரிவதில்லை. அடுத்தவர் பொறுப்பேற்கும் காலத்தில்தான் தெரிகிறது.

நாளை நீங்கள் ஒரு திட்டக் கோப்பைப் பரிசீலிக்கும்போது இரண்டு கேள்விகளை அதன் ஓரத்தில் எழுதி வையுங்கள். இதனை இயக்குபவர் யார்? அவர் ஆண்டில் எத்தனை நாள் இதனைச் செய்து பழகுவார்? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை இல்லாத கோப்பு எவ்வளவு அழகாகத் தயாரிக்கப்பட்டிருந்தாலும் நிறைவு பெறாத கோப்பே.

நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில், கடலில் எங்கோ ஓர் இளம் விமானி இருளில் அந்த ஒளிவிளக்கை நோக்கி வந்துகொண்டிருக்கலாம். கப்பலும் விமானமும் எத்தனை கோடி விலை பெற்றன என்பது அப்போது அவருக்கு உதவாது. சென்ற வாரமும் அதற்கு முந்தைய வாரமும் அவர் இறங்கிப் பழகியிருக்கிறாரா, வடத்தை இன்று காலையில் ஒருவர் சரிபார்த்தாரா, எடையை ஒருவர் சரியாகக் குறித்தாரா என்பனவே உதவும். அவை நடந்தேறுமாறு ஆண்டுதோறும் தவறாமல் நிதி ஒதுக்கும் பொறுப்பு, கடலையே காணாத ஓர் அலுவலரின் மேசையில் இருக்கிறது. அந்த மேசையில் நாளை நீங்கள் அமரப்போகிறீர்கள்.